செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியது யார்?

நகர மண்டப எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தால் உயர்ந்த வெள்ளைக் கோபுரம் ஒன்று கண்ணில் படும். அதுதான் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆங்கிலிக்கன் பேராலயம். பல தடவை கடந்து போயிருப்பீங்க. "இதைக் கட்டியது யார்?" என்று தேர்வில் கேட்டால் என்ன எழுதுவீங்க?

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். ஜார்ஜ் கோல்மன் வடிவமைத்த தேவாலயம் 1836இல் இங்கே கட்டி முடிக்கப்பட்டது. 1845, 1849 ஆகிய ஆண்டுகளில் இடி விழுந்து சேதமானதால் 1852இல் அதை மூடிவிட்டார்கள். புதிய ஆலயத்தை ரொனால்டு மெக்ஃபர்சன் வடிவமைத்தார். 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1861இல் முதல் வழிபாடு, 1862இல் பிரதிஷ்டை.

கல்லையும் மண்ணையும் சுமந்தவர்கள் யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சுவர்ப்பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்றே பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். பூசிய பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஆங்கிலப் பதிவுகளில் வரும் 'சுனாம்' என்ற சொல், வெற்றிலையில் நாம் தடவும் அதே சுண்ணாம்புதான்!

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். மூன்றாம் வேற்றுமை சொல்லும்போது கருத்தா இரண்டு வகை என்று படிக்கிறோம். பிறரை ஏவிச் செய்விப்பவர் ஏவுதற்கருத்தா. தானே செய்பவர் இயற்றுதற்கருத்தா. "மெக்ஃபர்சனால் கட்டப்பட்டது" என்பது முதல் வகை. "கைதிகளால் கட்டப்பட்டது" என்பது இரண்டாவது. இரண்டுமே சரியான வாக்கியங்கள்தான். ஆனால் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், வேலை செய்த கைகள் காணாமல் போய்விடும்.

இது பழங்கதை மட்டுமல்ல. 1942 போரில் இந்த ஆலயம் அவசர மருத்துவமனையாக இருந்தது. 1973இல் தேசிய நினைவுச்சின்னமானது. இன்றும் ஞாயிறுதோறும் பல மொழிகளில் வழிபாடு நடக்கிறது. தமிழில் வழிபடும் ஆங்கிலிக்கர்களுக்கு டோர்செட் சாலையில் கிறிஸ்து ஆலயம் இருக்கிறது.

ஆசிரியர்களே, வேற்றுமைப் பாடத்துக்கு இதையே எடுத்துக்காட்டாகக் கொடுத்துப் பாருங்கள். மாணவர்களே, கட்டுரையில் 'கட்டினார்' என்று எழுதும்முன் ஒரு நிமிஷம் யோசிங்க: ஏவியவரா, இயற்றியவரா? வடிவமைத்தவர் பெயரை எழுதுங்கள்; உழைத்தவர்களையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.