கல்லூரி திறக்குமுன் கொஞ்சம் பைத்தான்

பொறியியல் கவுன்சலிங்கில் இடம் கிடைத்துவிட்டதா? வகுப்பு தொடங்குமுன் வீட்டுக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பழகுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கும் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் மொழி இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை கம்ப்யூட்டரையே தொடாத என் நண்பர்கள் சிலர் புரோகிராம் தாளில்தான் அரியர் வைத்தார்கள்.

பைத்தான் இலவசம்; நிறுவினால் ஐடில் எடிட்டரும் கூடவே வரும். ஃபைல் மெனுவில் நியூ ஃபைல் திறந்து, எழுதிச் சேமித்து, எஃப்5 கீயை அழுத்தினால் ஓடும்.

முதலில் இஃப், எல்ஸ். எங்கள் திருச்சி முக்கொம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரியில் வெள்ளம் வந்தால் உபரி நீரைக் கொள்ளிடத்தில் திறப்பார்கள். இல்லையென்றால் காவிரியிலேயே போகும். 'வந்தால்' என்பது இஃப், 'இல்லையென்றால்' என்பது எல்ஸ். நீரின் அளவைக் கேட்டு, எந்த ஆறு என்று திரையில் காட்டும்படி எழுதிப் பாருங்கள். இன்புட் கட்டளை வாங்கித் தருவது எண் அல்ல, எழுத்து. இன்ட் போட்டு மாற்றாமல் எண்ணோடு ஒப்பிட்டால் சிவப்பில் பிழைச் செய்தி வரும். பயப்படாதீர்கள், அதன் கடைசி வரியைப் படியுங்கள், காரணம் அங்கே இருக்கும்.