கருப்பையின் நினைவாற்றல்

கருவில் வளரும் குழந்தை, தன் மரபுக் கூறுகளில் பாதியைத் தந்தையிடமிருந்து பெற்றதாகும். பிறருடைய தோலை ஒட்டினால் அதனை அயற்பொருளெனக் கண்டு தாக்கும் உடல், பாதி அயலான கருவை ஏறத்தாழ 40 வாரங்கள் எவ்வாறு பேணுகின்றது? 1953-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடாவர் எழுப்பிய இவ்வினா, இன்றும் ஆராய்ச்சிக்குரியதாகவே உள்ளது.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்படலத்தில் காணப்படும் வெள்ளணுக்களுள், நூற்றுக்கு 70 அளவிலானவை 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' எனும் வகையைச் சேர்ந்தவை. இரத்தத்திலுள்ள இவ்வினத்தவை வைரஸ் புகுந்த அணுக்களையும் புற்றணுக்களையும் அழிப்பவை. கருப்பையிலுள்ளவையோ கருவிற்குத் துணை நிற்பவை. கருவிலிருந்து வரும் அணுக்களோடு கூடி, அவை அங்குள்ள சுருள் தமனிகளை அகலச் செய்கின்றன. சிறு வாய்க்காலை அகழ்ந்து பெரிதாக்கினாற்போல், நச்சுக்கொடிக்கு இரத்தம் தங்குதடையின்றிப் பாய்கின்றது.

இப்பணி முதற் கர்ப்பத்திலும் அடுத்தவற்றிலும் ஒரே தன்மையதா? 2018-இல் ஜெருசலேம் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு விடை அளித்தனர். முன்னர்க் கருவுற்ற பெண்களின் கருப்பையில், இவ்வணுக்களுள் தனித்த ஒரு பிரிவு மிகுதியாக இருந்தது. இரத்தக் குழாய்களை வளர்க்கும் பொருள்களை அது கூடுதலாகச் சுரந்தது. முதற் கர்ப்பம், இவ்வணுக்களுக்கு ஒரு பயிற்சி எனலாம். வேறு வகை அணுக்களிலும் இத்தகைய நினைவு உண்டு. கருவைத் தாக்காதவாறு எதிர்ப்பாற்றலை அடக்கும் அணுக்கள் பிரசவத்திற்குப் பின்னும் நிலைத்திருந்து, அடுத்த கர்ப்பத்தில் விரைந்து பெருகுவது 2012-இல் சுண்டெலிகளில் கண்டறியப்பட்டது.

தலைச்சன் குழந்தையின் எடை சராசரியில் சற்றுக் குறைந்திருப்பதும், கர்ப்பகால இரத்தக் கொதிப்பு நோய் தலைப்பிரசவத்தில் மிகுந்து தோன்றுவதும் மருத்துவர் நெடுங்காலமாக அறிந்தவை. இவ்வணுக்களின் பயிற்சி அதற்கு ஒரு காரணமாகலாம்.

எனினும், பல பேறுகள் நன்மை தரும் என இதனால் கொள்ளலாகாது. இடைவெளியின்றித் தொடரும் பேறுகள் தாயின் இரும்புச் சத்தைக் கரைத்துவிடும். முன்பு இரத்தக் கொதிப்பு கண்டவருக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பும் அதிகம்.

ஆகவே களப்பணியாளர், முதன்முறை கருவுற்றோரிடம் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அளவை எட்டினாலும், சிறுநீரில் புரதம் காணப்பட்டாலும், கடுந்தலைவலியோ பார்வை மங்கலோ தோன்றினாலும், தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். அளவுபட்டையைக் கையில் சுற்றிப் பார்க்கும் அச்சில நிமிடங்கள், இரண்டு உயிர்களைக் காக்கவல்லவை.