மாதம் பதினாலு வெள்ளிதானே?



"அண்ணே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் ஒரு தாளை நீட்டினார். கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர் அவர். பக்கத்தில் அவருடைய மகன். பையனுக்குப் பிரிக்பீல்ட்சில் வேலை கிடைத்திருக்கிறது. விடியற்காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். தோட்டத்திலிருந்து பஸ்ஸையும் ரயிலையும் நம்பிப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே மோட்டார் சைக்கிள் வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை.

வண்டி விலை பேசி முடிந்துவிட்டது. தவணையும் பேசி முடிந்துவிட்டது. கடைசியாகக் கடைக்காரர் இன்னொரு தாளை நகர்த்தியிருக்கிறார். "கம்பெனி ரெண்டு வருஷம் வாரண்டி கொடுக்குது. இதையும் எடுத்துக்கிட்டா இன்னும் ரெண்டு வருஷம். மாசம் பதினாலு வெள்ளிதானே! ஒரு பயமும் இல்லாம ஓட்டலாம்" என்றாராம்.

"பதினாலு வெள்ளி பெரிய காசு இல்லைதான். ஆனா வண்டி நின்னுபோச்சுன்னா இவன் வேலையும் நின்னுபோகுமேண்ணே, அதான் பயமா இருக்கு" என்றார் அம்மாள்.

அந்தப் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பயத்தில் கையெழுத்துப் போடுவது வேறு, கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேறு. மூவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். இந்தப் பேச்சு இன்று பல லயங்களில் நடக்கிறது என்பதால் அந்தக் கணக்கை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

முதல் கணக்கு: காசு

அந்தக் கூடுதல் வாரண்டியின் ரொக்க விலை 480 வெள்ளி. தவணையோடு சேர்த்தால் மாதம் 14 வெள்ளி, 48 மாதம். பெருக்கிப் பாருங்கள், 672 வெள்ளி! 192 வெள்ளி வட்டியாகவே போகிறது. அதுவும், முதல் இரண்டு ஆண்டுகள் கம்பெனியின் சொந்த வாரண்டி இருக்கும்போது இந்தக் கூடுதல் வாரண்டிக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை செய்யாத நாளுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறோம். பெரட்டுக்கு வராத ஆளுக்கு எந்தத் தோட்டத்திலாவது சம்பளம் போடுவார்களா?

ஆகவே முதல் பாடம் இது. "மாதம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். வண்டிக் கணக்கையும் வாரண்டிக் கணக்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தவணையில் வாங்குகிறவருக்குக் கணக்கை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டமே சொல்கிறது. கேட்பதில் வெட்கம் எதற்கு?

இரண்டாவது கணக்கு: கிலோமீட்டர்

வாரண்டித் தாளில் ஆண்டு மட்டும் இருக்காது. "இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது" என்றும் இருக்கும். நம்மவர்கள் ஆண்டைப் படிக்கிறார்கள், கிலோமீட்டரைப் படிப்பதில்லை.

பையன் கொண்டுவந்த தாளில் கம்பெனி வாரண்டி இரண்டு ஆண்டு அல்லது 20,000 கிலோமீட்டர். கூடுதல் வாரண்டியோடு நான்கு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்சுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் போக 30, வர 30 என்று வைத்துக்கொள்வோம். (மோட்டார் சைக்கிளுக்கென்றே 1970-களில் தனிப்பாதை போட்ட அதே சாலைதான்.) ஒரு நாளைக்கு 60. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,560 கிலோமீட்டர். பதின்மூன்றாவது மாதத்திலேயே 20,000 தாண்டிவிடும்! இருபத்தாறாவது மாதத்தில் 40,000-மும் தாண்டிவிடும். "நான்கு வருஷம்" என்று வாங்கியது இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆனவுடனே செத்துப்போகிறது. ஆனால் பதினாலு வெள்ளி மட்டும் நாற்பத்தெட்டாவது மாதம் வரை உயிரோடு இருக்கும்.

தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர் கதை நேர்மாறானது. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கடைக்கும் நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு ஆண்டில் 6,240 கிலோமீட்டர்தான். பராமரித்து ஓட்டினால் அந்த ஓட்டத்துக்கு இன்ஜின் எளிதில் தேயாது. அவருக்கு வாரண்டி நீடிக்கும், ஆனால் அதிகம் தேவைப்படாது.

மூன்றாவது கணக்கு: எது சேரும், எது சேராது

"வாரண்டி இருக்கு, எல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க" என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. வாரண்டி என்பது தொழிற்சாலையில் நேர்ந்த குறைக்குத்தான். ஓட ஓடத் தேய்கிற பொருள்கள் வழக்கமாக அதில் சேராது. டயர், செயின், பல்சக்கரம், பிரேக் கட்டை, பிளக், பல்பு, கிளட்ச் தட்டு, இன்ஜின் எண்ணெய் எல்லாம் நம் கைக்காசுதான். விபத்தும் திருட்டும் இன்சூரன்ஸ் விஷயம். அது வேறு, வாரண்டி வேறு.

இப்போது நீங்களே சொல்லுங்கள். நம் வண்டி வழியில் நிற்பது பெரும்பாலும் எதனால்? டயர் பஞ்சர், செயின் அறுந்தது, பேட்டரி இறங்கியது. அம்மாள் எதை நினைத்துப் பயந்தாரோ, அதில் பாதிக்கு மேல் அந்தத் தாளில் இல்லவே இல்லை!

இன்னொன்றும் உண்டு. குறித்த கிலோமீட்டரில், குறித்த பட்டறையில் சர்வீஸ் செய்து புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும் என்பார்கள். லயத்துப் பையனிடம் எண்ணெய் மாற்றினால் "வாரண்டி ரத்து" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். பின்னால் கம்பி கட்டிக் குலை ஏற்றினாலும், புகைக்குழாயை மாற்றிப் போட்டாலும் அப்படியே. பட்டறை ஞாயிற்றுக்கிழமை அடைப்பு என்றால், வேலைநாளில்தான் போக வேண்டும். இன்றைய குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளியை 26 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு நாள் பேர் போடாமல் விட்டால், அதுவும் வாரண்டியின் விலையில் சேர்ந்ததுதானே?

சட்டம் தரும் உத்தரவாதம்

காசு கொடுத்து வாங்காத ஓர் உத்தரவாதம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரிவதில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். நியாயமான காலத்துக்குப் பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் கிடைக்க வேண்டும். "இதெல்லாம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று கடைக்காரர் தாளில் அச்சடித்து வைத்தாலும் அது செல்லாது. ஓட்டிய வண்டி என்றைக்கும் புதிதாகவே இருக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வாங்கிய சில மாதத்தில் இன்ஜின் காலைவாரிவிட்டால், கூடுதல் வாரண்டி வாங்காதவரும் வாய்மூடி நிற்க வேண்டியதில்லை.

கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, நாமே நின்று பேசலாம். பிரச்னை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். கையில் ரசீது, ஒப்பந்தத் தாள், சர்வீஸ் புத்தகம் மூன்றும் இருக்க வேண்டும். தீபாவளிக்கு வீடு கழுவும்போது "பழைய குப்பை" என்று அவற்றை எரித்துவிடாதீர்கள்!

அப்படியானால் யாருமே வாங்க வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். மின்னணுப் பாகங்கள் நிறைந்த விலை உயர்ந்த வண்டி வாங்குகிறவர், ஒரு பாகம் போனாலே ஒரு மாதச் சம்பளம் போய்விடும் என்ற நிலையில் இருப்பவர், யோசிக்கலாம். அவரும் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். வாரண்டி தருவது தயாரிப்பாளரா, வெறும் கடையா? கடை மூடிவிட்டால் யாரிடம் போவது? எந்தெந்தப் பாகம் என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறதா? ரொக்கமாகக் கட்ட முடியுமா? நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் வாங்கட்டும். பதில் வாய்ப்பேச்சாகவே இருந்தால் வேண்டாம்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் வாங்குவது சாதாரண "கப்சாய்". ஊருக்கு ஊர் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறார், பாகமும் கிடைக்கிறது. அதற்குக் கடன் வாங்கி வாரண்டி கட்டுவதைவிட அந்தப் பதினாலு வெள்ளியை நாமே வைத்திருப்பது மேல் என்பது என் கருத்து.

பையன் வேலைக்குப் போகும் பிரிக்பீல்ட்சின் பெரிய வீதிக்குத் துன் சம்பந்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960-இல் அவர் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த காசுதான் பிறகு தோட்டங்களையே வாங்கியது. சொந்தச் சேமிப்பு என்ன செய்யும் என்பதை நமக்கு வெளியார் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த அம்மாளும் மகனும் கூடுதல் வாரண்டியில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதில் பையன் பெயரில் தேசிய சேமிப்பு வங்கியில் ஒரு கணக்கைத் திறந்து மாதம் பதினாலு வெள்ளி போடுவதாக ஏற்பாடு. ஓர் ஆண்டில் 168 வெள்ளி. டயருக்கும் ஆகும், செயினுக்கும் ஆகும், வண்டி பட்டறையில் கிடக்கும் நாளில் பஸ் காசுக்கும் ஆகும். கம்பெனியின் முதல் வாரண்டி கெடாமல் இருக்க, சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை தவறக் கூடாது என்பது தாயின் கட்டளை.

"கணக்குப் புத்தகம் என்கிட்டதான் இருக்கும். ஒரு மாசம் போடலைன்னாலும் சாவியைப் பிடுங்கி வச்சுக்குவேன்" என்றார் அம்மாள். பையன் சிரித்தான். அம்மாள் சிரிக்கவில்லை.

தோழர்களே, கடைக்காரர் தாளை நகர்த்தும்போது பேனாவை எடுக்காதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படித்தவர் ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார். நல்ல வாரண்டியாக இருந்தால் நாளைக்கும் அது நல்ல வாரண்டியாகத்தான் இருக்கும்.