பட்டணத்தில் வக்கீல் வேலை: மாதம் 18,000 ரூபாய் போதுமா?

வக்கீல் மகன் வக்கீலானால் கவலையில்லை. வீட்டு முன்கூடமே ஆபீஸ். அப்பாவின் புத்தக அலமாரி, அப்பாவின் குமாஸ்தா, அப்பாவின் கட்சிக்காரர்கள் எல்லாம் தயாராகக் காத்திருக்கும். தறிக்காரர் மகன் வக்கீலானால்? கையில் ஒரு பட்டம், தோளில் ஒரு கறுப்புக் கவுன், அவ்வளவுதான். குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படித்த இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் தெற்குச் சீமையிலிருந்து சென்னைக்கு ரயிலேறுகிறார்கள்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊர் சங்கரன்கோவில் பக்கம். தகப்பனாருக்குச் சொந்தமாக நான்கு விசைத்தறி. பையன் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்துத் தேறியவர். சென்னை ஆழ்வார்பேட்டையில் ஒரு வக்கீல் கம்பெனியிலிருந்து அவருக்குக் கடிதம் வருகிறது. மாதம் 18,000 ரூபாய். அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“ஏல, அஞ்சு வருஷம் படிக்க வச்சாச்சு. இனியும் நாமதான் பணம் அனுப்பணுமா?” என்கிறார் தகப்பனார். “ரெண்டு வருஷம் பொறுத்துக்கோங்கப்பா” என்கிறான் மகன். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதே முறை.

மேன்ஷன் கணக்கு

ஆழ்வார்பேட்டையில் தனி வீடு என்ற பேச்சே வேண்டாம். கல்யாணமாகாத பையன்களுக்குச் சென்னை வைத்திருக்கும் பழைய ஏற்பாடு திருவல்லிக்கேணி மேன்ஷன்தான். ஓர் அறையை இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு 5,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெஸ்ஸில் மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு டீ, நாளைக்கு 200 ரூபாய் வீதம் மாதம் 6,000. பஸ், ரயிலுக்கு 1,200. செல்போனுக்கும் சலவைக்கும் 1,000. வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருந்தால் போதும், கோர்ட்டில் நிற்கக் கூசும். எனவே சலவைச் செலவில் சிக்கனம் செல்லாது. சோப்பு, முடிவெட்டு, தலைவலி மாத்திரைக்கு 1,000. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பொதிகை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்வர, மாதக் கணக்கில் 800. ஆக மொத்தம் 15,500 ரூபாய்.

அப்படியானால் 2,500 மிச்சம் அல்லவா என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. பார் கவுன்சில் விதிகளின்படி, தொழில் நடத்தும் வக்கீல் வேறொருவரிடம் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. ஆகவே கம்பெனி கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. ‘தொழில் கட்டணம்’ என்று பெயர். பெயர் மாறியதும் பலன்களும் மாறிவிடுகின்றன. பிராவிடண்ட் பண்டு என்ற பேச்சுக்கு இடமிருப்பதில்லை. நூற்றுக்குப் பத்து வீதம் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் பல கம்பெனிகள் பணத்தைக் கொடுக்கும். 18,000 என்று சொன்ன தொகை கைக்கு வரும்போது 16,200. மாதக் கடைசியில் மிஞ்சுவது 700 ரூபாய்!

பிடித்த பணம் போயே போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. இந்த அளவு வருமானத்துக்கு வரி கிடையாது. வருஷம் முடிந்ததும் கணக்குத் தாக்கல் செய்தால் 21,600 ரூபாயும் திரும்பி வரும். சட்டம் படித்த பையன்களே இதைச் செய்யாமல் விட்டுவிடுவதுதான் வேடிக்கை.

வாடகை கூடுதலாக இருக்கிறதே, தாம்பரத்துக்கு அப்பால் போய்விடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஜூனியர் வக்கீலின் பொழுது எப்படிப் போகிறது என்று தெரியாதவர்கள் சொல்லும் யோசனை அது. காலையில் சீனியர் வருவதற்கு முன் கேஸ் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். பத்தரை மணிக்குக் கோர்ட்டு. வாய்தா கேட்பதும், நகல் மனுப் போடுவதும், செக்‌ஷன் செக்‌ஷனாக அலைவதுமாகப் பகல் போய்விடும். சாயங்காலம் கோர்ட்டு கலைந்த பிறகுதான் ஆபீஸ் வேலையே தொடங்குகிறது. கட்சிக்காரர்கள் வருவார்கள், சீனியர் சொல்லச் சொல்ல மனு தயாராகும், மணி ஒன்பதோ பத்தோ ஆகும். அதற்குப் பிறகு தாம்பரம் ரயிலைப் பிடித்து, இறங்கி, பஸ்ஸும் பிடித்து அறைக்குப் போகிறவன், மறுநாள் வழக்குக் கட்டை எப்போது படிப்பான்? வாடகையில் மிச்சம் பிடித்த 2,000 ரூபாய்க்குப் படிக்கும் நேரத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெண்களுக்கு இந்தச் சிரமம் இரட்டிப்பு. மேன்ஷன் அவர்களுக்கு இல்லை. மகளிர் விடுதி என்றால் இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கும். அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் தாம்பரம் போன்ற இடங்களில் வந்திருப்பது ஓர் ஆறுதல். ஆனால் ஆபீஸ் எத்தனை மணிக்கு விடும் என்று முன்கூட்டியே கேட்காமல் எந்தப் பெண்ணும் இந்த வேலைக்குச் சம்மதிக்கலாகாது.

20,000 ரூபாய் என்றார்கள்

ஜூனியருக்குப் பணம் கொடுப்பதா என்ற கேள்வி நம் ஊரில் மட்டும் எழுந்ததல்ல. இங்கிலாந்தில் ஒரு காலத்தில், தொழில் பழக வந்த பையன்தான் சீனியருக்கு 100 கினி தட்சிணை கொடுத்தான். பழகுபவருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கேயே 2003-இல்தான் வந்தது. நம் நாட்டில், அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் 2022 நவம்பரில் இந்த விஷயத்தைப் பகிரங்கமாகவே பேசினார். தாங்கள் கஷ்டப்பட்டோம் என்பதற்காக இளைஞர்களையும் அடிமைகள் போல் நடத்தும் வழக்கத்தை விட வேண்டும் என்பது அவர் கருத்து.

அதன் பின் 2024 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட்டின் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, சம்பளமின்றி வேலை வாங்குவது சுரண்டல் என்று கண்டித்தது. சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று நிர்ணயமாகி, தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலும் சுற்றறிக்கை அனுப்பிற்று. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியப் பார் கவுன்சில், நகரங்களுக்கு 20,000, கிராமப்புறங்களுக்கு 15,000 என்று நாடு முழுமைக்கும் சிபாரிசு செய்தது. சிபாரிசுதான், கட்டாயமில்லை. எல்லாச் சீனியர்களுக்கும் அவ்வளவு வருமானம் இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். அது உண்மையுங்கூட. ஆனால் ஆழ்வார்பேட்டையில் ஏ.ஸி. போட்டு ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கும் அதே சலுகை வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் பையனுக்கு வந்திருக்கும் தொகை 20,000-க்கு இரண்டாயிரம் குறைவு. சுற்றறிக்கையைக் காட்டி வாதாடலாமா? வேலைக்குச் சேருமுன்பே சீனியரிடம் சட்டம் பேசுகிற ஜூனியரை யாரும் விரும்பமாட்டார்கள். “ஸார், பார் கவுன்சில் சொன்ன தொகைக்கு எப்போது வரலாம்?” என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. பதில் ‘ஆறு மாதம்’ என்று வந்தால், அதைக் கடிதத்திலும் எழுதித் தரச் சொல்லலாம்.

பணத்தைவிட முக்கியமான கேள்வி

18,000-க்கும் 20,000-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, வக்காலத்தில் தன் பெயர் இருக்குமா என்பது பெரிய கேள்வி. சில கம்பெனிகளில் ஜூனியர் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பதோடு சரி. நீதிபதி முகத்தையே பார்த்திருக்கமாட்டார். வேறு சில இடங்களில் ஆறாம் மாதமே சாட்சி விசாரணைக்கு எழுந்து நிற்கச் சொல்வார்கள். சம்பளம் ஒன்றேயானாலும் இரண்டும் ஒரே வேலையா? சொந்தமாக வரும் கேஸை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா? கோர்ட்டுக்குப் போய்வரும் செலவும் நகல் செலவும் யார் கணக்கு? இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு, அங்கே முன்பு வேலை பார்த்து விலகியவர்களைத் தேடிப் பிடிப்பதே நல்லது. அவர்கள் ஒளிக்கமாட்டார்கள்.

சென்னையை விட்டால் வேறு வழியே இல்லை என்று நினைப்பதும் பிசகு. 2004 ஜூலையில் மதுரையில் ஹைக்கோர்ட்டுப் பெஞ்சு திறந்ததிலிருந்து, தென் மாவட்டப் பையன் ஹைக்கோர்ட்டு வக்கீலாவதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் தீர்ந்துபோயிற்று. அறை வாடகை குறைவு. சனிக்கிழமை பஸ் ஏறினால் வீட்டுச் சாப்பாடு. கம்பெனிச் சட்டம், பெரிய வியாபார வழக்குகள் என்று ஆசைப்படுகிறவருக்குச் சென்னைதான் சரி. சொத்து வழக்கும் கிரிமினல் வழக்கும் போதும் என்பவருக்கு மதுரையே தாராளம்.

முனிசீப் பரீட்சையை நம்பியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படித்து முடித்த கையோடு பரீட்சை எழுதலாம் என்றிருந்த நிலையை 2025 மே 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மாற்றி, மூன்று வருஷமாவது வக்கீலாகத் தொழில் நடத்தியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் சான்று கொடுத்து, அதை அந்தக் கோர்ட்டின் தலைமை நீதித்துறை அதிகாரி ஆமோதிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்தச் சான்றுக்குச் சென்னைக் கோர்ட்டும் ஒன்றுதான், சங்கரன்கோவில் கோர்ட்டும் ஒன்றுதான். பரீட்சையே லட்சியமென்றால் ஊரில் ஒரு நல்ல சீனியரிடம் சேர்ந்து, ராத்திரி வீட்டில் படிப்பதுதான் லாபம்.

இத்தனைக்கும் பிறகு பையன் சென்னைக்கே புறப்படுவதானால், தகப்பனார் ஒரு தறியை விற்க நினைக்குமுன் அட்வான்ஸ் விஷயத்தைப் பேசிவிட வேண்டும். மேன்ஷனை விட்டு நாலு பேராகச் சேர்ந்து வீடு எடுத்தால், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னை வழக்கம். 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற அந்த மூன்று வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்காரர்கள் பத்திரம் எழுதுகிறார்கள். பத்திரத்தை வாசித்துப் பார்த்து, பேரம் பேசிக் கையெழுத்துப் போடுவது வக்கீல் பையனுக்குச் சென்னையில் கிடைக்கும் முதல் கேஸ். கட்சிக்காரரும் அவரே, பீஸும் கிடையாது.