துணி காயப்போடும் கம்பியில் கரண்ட் வருவது எப்படி? மெயினை அணைத்தாலும் ஆபத்து ஏன்?

மழைக்காலம் தொடங்கினாலே, துணி காயப்போடப் போனவர் மின்சாரம் தாக்கி பலி என்ற செய்தி தமிழகத்தில் ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்துவிடுகிறது. சில வீடுகளில் இரண்டாவது உயிரும் போகிறது. அது, பதறிப்போய் காப்பாற்ற ஓடியவரின் உயிர். "இத்தனை வருஷமா இதே கம்பியிலதானே காயப்போடுறோம், ஒண்ணும் ஆனதில்லையே" என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியென்றால், நேற்றுவரை சும்மா இருந்த கம்பியில் இன்று கரண்ட் எப்படி வந்தது?

கம்பிக்கு கரண்ட் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் சர்வீஸ் வயர். ஈ.பி. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் இந்த வயரைத் தாங்குவதற்கு ஓர் இரும்புக் கம்பியும் கூடவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். காற்றில் உரசி, வெயிலில் காய்ந்து, நாளடைவில் வயரின் மேலுறை வெடித்துவிடும். அப்போது தாங்கும் கம்பியில் கரண்ட் ஏறும். அதே கொக்கியிலோ பைப்பிலோ துணிக் கம்பியைக் கட்டியிருந்தால் அதிலும் ஏறும்.

இரண்டாவது, தகரக் கூரையும் இரும்புத் தூணும். கூரைமேல் போகும் வயர் ஓரிடத்தில் தேய்ந்தாலும் முழுத் தகரத்துக்கும் கரண்ட் பரவும்.

மூன்றாவது, குளியலறைக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ பல்பு போட, துணிக் கம்பியிலேயே சுற்றிக் கொண்டுபோன வயர். டேப் ஒட்டிய ஒரு ஜாயின்ட் போதும்.

மழை நேரத்தில் மட்டும் ஏன்?

கரண்ட் ஏறிய கம்பி பார்க்க அப்படியேதான் இருக்கும். சத்தமோ தீப்பொறியோ வராது. காய்ந்த தரை, காலில் செருப்பு, உலர்ந்த கை என்றால் லேசாக 'ஜிவ்'வென்று மட்டும் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஈரத்துணி, ஈரக்கை, சேற்றில் வெறுங்கால் என்றால் கதையே வேறு. கம்பியிலிருந்து பூமிக்குப் போக நம் உடம்பே வழியாகிவிடும்.

எம்.சி.பி. காப்பாற்றாதா?

காப்பாற்றாது. நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 0.23 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல; ஒரு பல்பு எரிவது மாதிரிதான். மனிதனுக்கோ சுமார் 0.01 ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். அதற்கும் மேலே போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

உயிர்காக்கும் கருவி ஆர்.சி.சி.பி. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்குப் பயன்படும் 30 மில்லி ஆம்பியர் வகை, 0.03 ஆம்பியர் கசிந்தாலே நொடிக்கும் குறைவான நேரத்தில் சப்ளையைத் துண்டித்துவிடும். அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அவ்வப்போது அழுத்தி, வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெயினை அணைத்தால் போதுமா?

எப்போதும் போதாது. ஆர்.சி.சி.பி.யும் மெயின் ஸ்விட்சும் மீட்டருக்குப் பிறகுதான் இருக்கின்றன. கசிவு அதற்கு முன்னால், சர்வீஸ் வயரிலோ பக்கத்து வீட்டு வயரிலோ இருந்தால், உங்கள் மெயினை அணைத்தாலும் கம்பியில் கரண்ட் இருக்கும். ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடிக்காது. அதனால், கம்பியில் லேசாக ஷாக் அடித்தால்கூட "ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல், யாரையும் தொடவிடாமல், மின் வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-ல் உடனே சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

* இரும்புக் கம்பியைக் கழற்றிவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி பாதுகாப்பு அல்ல. உள்ளே இருப்பது இரும்புதான், முனையிலும் வெடிப்பிலும் அது வெளியே தெரியும்.
* ஈ.பி. கம்பம், அதன் ஸ்டே கம்பி, சர்வீஸ் பைப், தகரக் கூரை எதிலும் கயிறுகூட கட்டக் கூடாது. நனைந்த, அழுக்கேறிய கயிறும் கரண்ட் கடத்தலாம்.
* மொட்டை மாடியில் மின்கம்பி போகும் பக்கம் கொடி வேண்டாம். பறந்துபோய் மின்கம்பியில் மாட்டிய சேலையைக் குச்சி வைத்து எடுக்கவே கூடாது.
* மழைக்கு முன்பு சர்வீஸ் வயரை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மேலுறை வெடித்திருந்தால் மின் வாரியத்திடம் சொல்லி மாற்றுங்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்தால்?

அம்மாவோ பிள்ளையோ, யாராக இருந்தாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். இரண்டாவது உயிர் போவது அந்த நொடியில்தான். முதலில் மெயினை அணையுங்கள். அதன் பிறகும் கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்ப வேண்டாம். உலர்ந்த பலகைமேலோ பிளாஸ்டிக் நாற்காலிமேலோ நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து விலக்குங்கள். கம்பத்தில் போகும் உயர் அழுத்த மின்கம்பி என்றால் இதையும் முயலக் கூடாது. விலகி நின்று மின் வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

விலக்கியதும் 108-க்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

ஒரு நைலான் கயிற்றின் விலை அதிகமில்லை. இந்த மழைக்கு முன்பே மாற்றிவிடலாம்.