கற்கோட்டையில் ஒரு கலைக்கூடம்

தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற ஆம்பூரிலிருந்து வடகிழக்கே செல்லும் நெடுஞ்சாலை வேலூரை அடைகிறது. அங்கே நகரின் நடுவே, அகழி சூழ, கருங்கல்லால் ஆகிய கோட்டையொன்று நிமிர்ந்து நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில், விசயநகரப் பேரரசுக்கு அடங்கிய நாயக்கர்கள் இதனை எழுப்பினர். இதன் பரப்பு ஏறத்தாழ 133 ஏக்கர்.

இக்கோட்டைக்கு மதில் ஒன்றன்று, இரண்டு. புறமதில் தாழ்ந்தது; உள்மதில் உயர்ந்தது. பகைவர் அகழியைக் கடந்து புறமதிலைப் பற்றினாலும், உள்மதில்மேல் நிற்கும் வீரர்களுக்கு அவர்கள் எளிய இலக்காவர். எனினும் பீசப்பூர்ச் சுல்தான், மராத்தியர், மொகலாயர், ஆங்கிலேயர் என இதன் தலைவர் மாறிக்கொண்டே இருந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் கோட்டை சிறையாயிற்று. வெளியாரைத் தடுக்கும் மதில் உள்ளிருப்போரையும் தடுக்குமன்றோ! 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர்தம் மைந்தர்கள் இங்கே காவலில் வைக்கப்பெற்றனர்.

1806 சூலை 10-ஆம் நாள் விடியுமுன் இந்தியச் சிப்பாய்கள் இக்கோட்டைக்குள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக் குறிகளை நீக்கவும், தோலாலான சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணியவும் இடப்பட்ட ஆணை அவர்தம் நெஞ்சைப் புண்படுத்தியிருந்தது. திப்புவின் கொடி கோட்டைமேல் ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றே கிளர்ச்சியை அடக்கியது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர்.

பழங்கோட்டைகள் கலைக்கூடங்களாதல் பிற நாடுகளிலும் உண்டு. இத்தாலியின் மிலான் நகரில் சுபோர்சாக் கோட்டை செப்பனிடப்பெற்று அருங்காட்சியகமாயிற்று; மைக்கலாஞ்சலோ தம் இறுதி நாள்களில் செதுக்கிய சிலை அங்கேதான் உள்ளது. வேலூரில் 1985-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் பின்னர்க் கோட்டைக்குள் இடம்பெயர்ந்தது.

அங்குள்ள கற்சிற்பங்கள் பல்லவர் காலத்தின் பிற்பகுதி முதல் விசயநகரக் காலம் வரை நீள்பவை. இறையுருவங்களின் நுண்ணிய அணிகளைக் கண்ட கண்ணுக்கு நடுகற்கள் எளியனவாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றின்முன் சற்றே நிற்றல் வேண்டும். பழைய வடஆர்க்காட்டுப் பகுதி நடுகற்கள் மிக்க நிலம். அக்காலத்தில் ஆநிரையே செல்வம். ஓரூர் மாடுகளை மற்றோர் ஊரார் கவர்ந்து செல்வர். மீட்கச் சென்று மாண்டவனுக்கு ஊரார் கல் நடுவர். வில்லோ வாளோ ஏந்திய உருவமும், அவன் பெயரும், ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டும் அக்கல்லில் இடம்பெறும். அரசனுக்கு எழுந்த கோயில்கள் பல. மாடு மீட்ட எளியவனுக்கு இக்கல் ஒன்றே வரலாறு.

மற்றோரிடத்தில் தந்தத்தாலான சதுரங்கப் பலகை இருக்கிறது. அது கண்டியின் கடைசி மன்னர் சிறீ விக்கிரம இராசசிங்கர்க்கு உரியது. 1815-இல் நாட்டை இழந்த அவர் கடல் கடந்து இக்கோட்டைக்குக் கொணரப்பெற்று, 1832-இல் இங்கேயே மறைந்தார். பலகையில் அரசனைக் காக்கக் காய்களை நகர்த்திய அக்கைகள் நாட்டை இழந்த கைகள். பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்து மண்டபம் நிற்கிறது.

அருங்காட்சியகத்தினின்று வெளிவருவோர் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைக் காணாது திரும்புதல் தகாது. பாயும் குதிரைகளும் யாளிகளும் அதன் தூண்களிலிருந்து புறப்படுவன போல் தோன்றும். அண்ணாந்து நோக்கினால், விதானத்தில் மலரைச் சூழ்ந்து கிளிகள் தலைகீழாகத் தொங்கக் காணலாம். இத்துணை அழகுடைய கோயில் நெடுங்காலம் மூலவரின்றி வெறுமையாய்க் கிடந்தது. ஒருகால் படைக்கலக் கொட்டிலாகவும் பயன்பட்டது. 1981-இல் சிவலிங்கம் மீண்டும் கருவறைக்கு வந்தது. இன்று அம்மண்டபத் தூண்களைக் கடந்தே வழிபடுவோர் உள்ளே செல்கின்றனர்.