மருந்து அடிப்பவருக்கும் மறுபயிற்சி

உங்கள் ஊரில் கூலிக்கு மருந்து அடிப்பவர் ஒருவர் இருப்பார். பல ஆண்டுகள் தெளிப்பானை முதுகில் சுமந்து பழகியவர். அவருக்கு எதற்குப் பயிற்சி என்று நீங்கள் கேட்கலாம்.

கைப்பழக்கம் மாறாதிருக்க, மருந்துகளும் விதிகளும் மாறி வருகின்றன. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் தெளிப்பது 2005-இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தது. 2017-இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் தொழிலாளர்களுமாக 20 பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தனர்.

பயிற்சியில் முதலில் கற்பது மருந்துச் சீட்டிலுள்ள நிறக்குறி. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை எனக் கடுமை படிப்படியாகக் குறையும். பச்சையும் நஞ்சுதான்.

தெளிக்கும்போது மட்டுமல்ல, அளந்து கலக்கும்போதும் ஆபத்து அதிகம். நீர் சேராத மருந்து கையில் பட்டால் தோல் வழியே உடலில் ஏறும். ஆகவே ரப்பர் கையுறை அணிந்து, நீண்ட குச்சியால் கலக்க வேண்டும். காற்றுக்கு எதிராகத் தெளிக்கலாகாது. அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதுவது அறவே கூடாது. (படித்த மாணவர்களே இதைச் செய்யக் கண்டிருக்கிறேன்!)

தெளித்தவருக்குத் தலைசுற்றல், மிகுந்த வியர்வை, வாயில் நீர் ஊறல் கண்டால், நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்துச் சீட்டை மறவாதீர்கள்; மருத்துவர் அதைப் பார்த்தே மாற்று மருந்தை முடிவு செய்வார்.

பருவத் தொடக்கத்தில் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் பயிற்சி நாளை விசாரித்து அவரை அனுப்புங்கள். அன்றைய கூலியை நீங்களே கொடுத்துவிடுவது முறை.